மூன்று விநாடி பார்த்ததற்கு ஆறு தையல்

பதினான்கு. சூர்யபிரகாஷ் போய்த் தோற்றுவந்த நேர்காணல்களின் எண்ணிக்கை இது. அவனுக்கு வயது இருபத்து நான்கு. கேள்வி கேட்டவர்களில் ஒருவருடைய முகம்கூட அவனுக்கு நினைவில்லை. தரைகள் நினைவில் இருக்கின்றன. திருச்சியில் வெள்ளை டைல்ஸ், ஓரத்தில் ஒன்று உடைந்தது. ஓசூரில் நீலக் கம்பளம், அதில் காபிக் கறை. ஸ்ரீபெரும்புதூரில் வெறும் சிமெண்ட், நடுவே மஞ்சள் கோடு. பதினான்கு அறைகளிலும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தரைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான். பதில்கள் பெரும்பாலும் சரியானவை. மெக்கானிக்கல் டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கியவன்.

குனிந்த தலைக்குக் காரணம் குடவாசலுக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே அவனுடைய அப்பா வீரையன் நான்கு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார். வெளியே யாரிடமும் குரல் உயர்த்தாதவர். நிலத்துக்காரர் காரில் வந்து இறங்கினால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, கைகட்டி நிற்பார். வீட்டுக்குள் வேறு ஆள். மகன் நிமிர்ந்து பார்த்தால் அவரைப் பொறுத்தவரை அது முறைப்பு. ஆறு வயதில் சோற்றுத் தட்டைத் தட்டிவிட்ட சூர்யபிரகாஷ் பயந்துபோய் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். “அப்பன மொறைக்கிறியாடா?” என்ற கேள்வியோடு பம்புசெட்டின் பழைய பெல்ட் முதுகில் விழுந்தது. தட்டைத் தட்டியதற்கு ஒரு அடி, பார்த்ததற்கு ஐந்து அடி. எதற்கு எவ்வளவு என்பதை அந்த வயதிலேயே அவன் விளங்கிக்கொண்டான்.

அம்மா ஞானாம்பாளுக்கு இடது காது கேட்காது. மோட்டார் சுவிட்சை அணைக்க மறந்த ஒரு மத்தியானம், வீரையனின் உள்ளங்கை அந்தக் காதின்மேல் இறங்கியது. அதற்குப் பிறகு மகனிடம் பேசும்போது அம்மா வலது பக்கத்தைத் திருப்பிக்கொள்வார்.

“ஒனக்கு வேல கெடைச்ச அன்னைக்கி நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்டா. ஒரு ரூம்பு போதும். கூட்டிட்டுப் போயிரு” என்று போன பொங்கலுக்கு மறுநாள் அவர் சொன்னார். அன்று அவருடைய உதடு கிழிந்திருந்தது. அதற்குப் பின் சூர்யபிரகாஷ் ஒவ்வொரு நேர்காணலுக்கும் இரண்டு பேருக்காகப் போனான், இரண்டு பேருக்காகத் தோற்றான்.

ஆகவேதான் அக்டோபர் தொடக்கத்தில் தஞ்சாவூரில் நடந்த நேர்காணல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். இருபத்தொரு நாள் வகுப்பு. நடத்தியவர் மாளவிகா. பெங்களூரில் பத்து வருஷம் மனிதவளத் துறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பேசச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்தார். சூர்யபிரகாஷின் படத்தை ஓடவிட்டு நிறுத்தினார்.

“ஏன் கையைக் கட்டிண்டு நிக்கறீங்க?”

“மரியாதைக்கு மேடம்.”

“எதிர்ல உட்கார்ந்திருக்கறவருக்கு அது மரியாதையாத் தெரியாது. ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’னு சொல்ற மாதிரி தெரியும். தரையில என்ன இருக்கு, அதையே பார்க்கறீங்க?”

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான், தரையைப் பார்த்தபடியே.

மாளவிகா அவனுக்கென்று தனியாக ஒரு பயிற்சி கொடுத்தார். தினமும் பத்து அந்நியர்களைக் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மூன்று விநாடி, மனதுக்குள் எண்ணி. பிறகு லேசாக ஒரு புன்னகை. யாரைப் பார்த்தான், எங்கே பார்த்தான் என்று நோட்டில் எழுதிவர வேண்டும். பெங்களூரில் பலருக்கு இது பலித்திருக்கிறது.

அதைக் கேட்டதும் தலையில் கைவைத்தவன் அவனோடு டிப்ளமோ படித்த ஃபஹத். கூத்தாநல்லூர்க்காரன். இருவரும் ஃபஹத்தின் பைக்கில்தான் வகுப்புக்குப் போய்வந்தார்கள்.

“டேய் மாப்ள, பொண்ணுங்கள மூணு செகண்டு பாத்தா கேஸு. பசங்கள மூணு செகண்டு பாத்தா ஒத. கெழவிங்களா பாத்துப் பாரு, அவங்கதான் சேஃப்.”

அவன் சொன்னபடியே முதல் வாரம் கிழவிகளோடு போயிற்று. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் “யாரு வூட்டுப் புள்ளடா நீ, இப்புடிப் பாக்குற?” என்று கன்னத்தைத் தடவினார். இரண்டாவது வாரம் பேருந்து நடத்துநர்கள், தேநீர்க் கடைக்காரர், தபால்காரர். நோட்டு நிரம்பியது. பதினேழாம் நாள் மாளவிகாவின் முகத்தைப் பார்த்தபடி முழுதாக இரண்டு வாக்கியம் பேசினான். அவர் கைதட்டினார். அறுவடை இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனம் சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, தஞ்சாவூரில் ஆள் எடுக்கிறது என்ற தகவலையும் அன்றைக்குத்தான் கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் அக்டோபர் 22, புதன்கிழமை. வகுப்புக்குப் போகும் வழியில், காலை பத்தரை மணிக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ரயில் போகும், எஞ்சின் தனியே வரும், திரும்பவும் போகும். சாலையின் இரு பக்கமும் பேருந்துகள், நெல் ஏற்றிய லாரிகள், நடுவே நுழைந்த பைக்குகள். மழை விட்டபின் வந்த வெயில் தோலைச் சுட்டது. வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய கணக்கில் சூர்யபிரகாஷுக்கு இன்னும் மூன்று பேர் பாக்கி. பக்கத்துப் பைக்கில் இருந்தவரைப் பார்த்தான்.

அவர் பெயர் நாகநாதன் என்பது பின்னால் போலீஸில் தெரிந்தது. முப்பது வயது இருக்கும். தலைக்கவசத்தைத் தலையில் போடாமல் முழங்கையில் மாட்டியிருந்தார். காலை ஆறு மணிக்குக் கொள்முதலுக்குக் கொண்டுபோன நெல், ஈரம் அதிகம் என்று திருப்பப்பட்டு, ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது. தார்ப்பாய் வாங்க வந்தவரை இருபது நிமிடமாக கேட் பிடித்து வைத்திருந்தது. இதெல்லாம் சூர்யபிரகாஷுக்குத் தெரியாது. அவன் மனதுக்குள் ‘ஒன்று’ என்றான்.

“என்னடா?”

‘இரண்டு.’

“ஒன்னத்தான்டா. என்ன மொறைக்கிற?”

‘மூன்று.’ பிறகு, பாடத்தில் சொன்னபடி, லேசாகப் புன்னகைத்தான்.

“சிரிக்கிறியா? எந்த ஊருடா நீ?”

“கொடவாச பக்கம்ணே. ஒண்ணுமில்லண்ணே, ப்ராக்டிஸ் பண்றேன்.”

“ப்ராக்டிஸா? என்னைய வச்சா?”

“அண்ணே, அண்ணே, விடுங்கண்ணே, இவன் இன்டர்வியூக்கு...” என்று ஃபஹத் திரும்புவதற்குள் தலைக்கவசம் பக்கவாட்டில் சுழன்று வந்தது. சூர்யபிரகாஷின் இடது கன்ன எலும்பில் இறங்கியது. பச்சைத் தேங்காய் உடைகிற சத்தம் என்று ஃபஹத் பின்னால் சொன்னான். பின்சீட்டிலிருந்து சாய்ந்தவன் ஒரு சைக்கிளோடு சேர்ந்து தாரில் விழுந்தான். இரண்டாவது அடி காதுக்கு மேலே. மூன்றாவது அடியைக் கையால் தடுத்தான், சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கியது.

அதன் பிறகு வந்த அடிகள் நாகநாதனுடையவை மட்டும் அல்ல. பேருந்திலிருந்து இரண்டு பேர் குதித்தார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. ஒருவர் ஃபஹத்தின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், மற்றவர் கீழே கிடந்தவனின் விலாவில் மிதித்தார். “பொண்ண ஏதோ பண்ணிட்டானாம்” என்று ஒரு குரல். “திருட்டுப் பயலாம்” என்று இன்னொரு குரல். லாரி கிளீனர் ஒருவர் இறங்கிவந்து முதுகில் ஒரு உதை கொடுத்துவிட்டுத் திரும்பப் போய் ஏறிக்கொண்டார். இருபது நிமிட வெயிலுக்கு ஒரு வடிகால் கிடைத்தது. மூக்கிலிருந்தும் கன்னத்திலிருந்தும் வழிந்த ரத்தம் வாய்க்குள் போனது. சூர்யபிரகாஷ் கத்தவில்லை. முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தலையைக் கைகளுக்குள் மறைத்துச் சுருண்டுகொண்டான். அது அவனுக்குப் பழக்கமான படுக்கை.

அடியை நிறுத்தியது மனிதர்கள் அல்ல. கேட் திறந்தது. ஒரு நொடியில் எல்லோரும் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். நாகநாதன் தலைக்கவசத்தை மறுபடி முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக்கை முறுக்கினார். பின்னால் நின்ற லாரி, வழியில் கிடந்தவனைப் பார்த்து ஹாரன் அடித்தது. ஃபஹத் அவனைக் கக்கத்தில் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான். வண்டிகள் அந்த ரத்தத்தின் மேல் ஏறிப் போயின.

அரசு மருத்துவமனையில் இடது கண்ணுக்குக் கீழே ஆறு தையல் போட்டார்கள். கண் முழுதாக மூடிக்கொண்டது. சுண்டுவிரலுக்குக் கட்டு. விலா எலும்பில் விரிசல், அதற்கு மருந்து இல்லை, சிரிக்காமல் இருந்தால் போதும் என்றார் மருத்துவர். அடித்தவரின் பைக் நம்பரைப் படம் பிடித்திருந்த ஃபஹத் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தான். நம்பரை வைத்துப் பெயரும் ஊரும் அங்கே தெரிந்தன.

மாலை நான்கு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கியபோது வீரையன் பம்புசெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“எவன்?”

ஃபஹத்தான் சொன்னான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் வீரையன் கூரையின் எரவானத்தில் செருகியிருந்த அரிவாளை உருவினார்.

“எம் புள்ளைய அடிக்க அவன் யாரு? நான் இருக்கேன்ல அடிக்கறதுக்கு! எம் புள்ளைய நான் அடிப்பேன். எவனோ ஒரு பய ரோட்டுல போட்டு மிதிப்பானா?”

“ஏங்க, கேஸு குடுத்துருக்காங்க. வேணாங்க. சொன்னாக் கேளுங்க” என்று ஞானாம்பாள் வாசற்படியில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“வழிய விடுடி.”

அவர் விடவில்லை. அரிவாளின் பிடி அவருடைய தோளில் இறங்கியது. முதல் அடிக்கு நின்றார். இரண்டாவது அடிக்கு கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். சூர்யபிரகாஷ் ஓடி வந்து குறுக்கே விழுந்தான். அரிவாளைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு வீரையன் மகன் பக்கம் திரும்பினார்.

“நீ ஏண்டா நிமிந்து பாத்த? ஒனக்கு அதானடா சொல்லிச் சொல்லி வளத்தேன்?”

அறை, தையல் போட்ட அதே கன்னத்தில்.

ஃபஹத் அவரை இடுப்போடு பிடித்துப் பின்னால் தள்ளினான். மூச்சிரைக்க நின்ற வீரையன், எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மடை திறந்து கிடப்பதாகச் சொல்லி வயலுக்குப் போய்விட்டார்.

ஞானாம்பாள் தரையிலிருந்து எழவில்லை. வலது காதை மகன் பக்கம் திருப்பினார்.

“இன்டர்வியூ என்னைக்கின்ன?”

“திங்கக்கெழமம்மா.”

“இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போவியா?”

“போவேன்.”

“போயிட்டு வா. இனிமே என்னால முடியாதுடா.”

திங்கட்கிழமை காலை தஞ்சாவூர் புறவழிச்சாலையில் உள்ள அந்த இயந்திரக் கடையின் மாடியில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். சிலர் டை கட்டியிருந்தார்கள். கன்னத்தில் பிளாஸ்திரியும் மூடிய கண்ணுமாக வந்தவனுக்குப் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது.

உள்ளே இரண்டு பேர். சென்னையிலிருந்து வந்திருந்த மனிதவள அதிகாரி ஹரிசங்கர், டெல்டா பகுதி சர்வீஸ் மேலாளர் குணசேகரன். குணசேகரன் பருத்த ஆள். பேசும்போது மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொள்வார்.

சூர்யபிரகாஷ் கைகளைக் கட்டவில்லை. மேசைமேல் திறந்து வைத்தான். ஹரிசங்கரின் கண்ணைப் பார்த்தான். ஒற்றைக் கண்ணால் பார்த்ததில் அது கலங்கி நீர் கொட்டியது. துடைத்தான். மறுபடி பார்த்தான். மூன்று விநாடி என்று எண்ணத் தொடங்கியபோது விலாவில் மூச்சு பிடித்தது. மூன்றாவது கேள்வியிலேயே தலை தானாகக் கீழே போய்விட்டது.

ஹரிசங்கர் தாளில் ஏதோ எழுதி மூடிவைத்தார். “சரி தம்பி. தகவல் சொல்றோம்.” பதினான்கு முறை கேட்ட வாக்கியம். சூர்யபிரகாஷ் எழுந்தான்.

“வண்டில விழுந்தியா?” என்றார் குணசேகரன்.

“இல்ல சார். அடிச்சாங்க.”

“எதுக்கு?”

“பாத்ததுக்கு சார்.”

குணசேகரன் வாயை மறைக்க மறந்து சிரித்தார். மேல்வரிசையில் இரண்டு கட்டிய பற்கள். “எனக்கு இந்தப் பல்லு எப்படிப் போச்சு தெரியுமா? போன வருஷம் மெஷின் நடுவயல்ல நின்னுபோச்சு. மேல கருமேகம். பயிரு சாஞ்சு கெடக்கு. அறுபது பேரு சுத்தி நிக்கிறாங்க. என் டூல்பாக்ஸ்லேருந்தே ஸ்பேனர எடுத்து என் வாயிலயே அடிச்சாங்க. எனக்குப் பின்னாடி வந்த ரெண்டு பசங்க ஒரே சீசன்ல ஓடிட்டாங்க. நீ அங்க நின்னா என்ன பண்ணுவ?”

சூர்யபிரகாஷ் யோசித்தான். “நீங்க எந்திரிங்க சார். நீங்கதான் பயிருக்காரரு. கத்துங்க.”

ஹரிசங்கர் பேனாவை வைத்தார். குணசேகரன் வேடிக்கையாகத்தான் எழுந்தார். “டேய், காலைல எட்டு மணிலேருந்து மெஷின் நிக்கிது” என்று ஆரம்பித்தார். “மழ எறங்குதுடா. இத்தன மாசம் காத்த பயிரு. எவன்டா பதில் சொல்றது? ஒங்க கம்பெனிக்காரனா, நீயா?” நான்காவது வாக்கியத்தில் குரல் மாறிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பேசிக்கொண்டிருந்தது அவர் அல்ல, அந்த அறுபது பேரும்தான்.

சூர்யபிரகாஷ் தலையைக் குனிந்து நின்றான். உள்ளங்கைகள் திறந்து தொங்கின.

“முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்க” என்றார் ஹரிசங்கர்.

“வேணாம் சார். இந்த நேரத்துல கண்ணப் பாத்தா மொறைக்கிறாம்பாங்க. நான் சாரோட காலப் பாக்குறேன். ரெண்டு கால்லயும் சமமா நிக்கிறாரு. இன்னும் அடிக்க மாட்டாரு.”

“என்னடா கதை சொல்லிக்கிட்டு நிக்கிற?” குணசேகரன் ஓர் அடி முன்னால் வந்தார்.

“தோளு இறங்கிருச்சு. இப்ப வலது காலுக்கு மாறிட்டாரு. வலது கை சார்.”

கை வந்தது. விளையாட்டுக்கு ஓங்கிய கை இல்லை. சூர்யபிரகாஷ் பின்வாங்கவில்லை, ஒரே எட்டில் உள்ளே நுழைந்தான். வீச்சு அவன் முதுகுக்குப் பின்னால் காற்றில் போயிற்று. முழங்கை மட்டும் பிளாஸ்திரியில் மோதியது. தையல் ஒன்று விட்டு, ரத்தம் குணசேகரனின் வெள்ளைச் சட்டையில் கோடாக இறங்கியது. இருவரும் மார்போடு மார்பு நின்றார்கள். அவனுடைய கைகள் அப்போதும் திறந்தே இருந்தன.

“அவ்வளவுதான் சார்” என்றான், பல்லைக் கடித்தபடி. “பின்னால போனா தொரத்துவாங்க. உள்ள வந்துட்டா கைய ஓங்க எடம் இருக்காது. கொஞ்ச நேரத்துல மூச்சு எறங்கும். அப்ப டூல்பாக்ஸ எடுத்துக்கிட்டு மெஷினுக்கு அடியில போய்ப் படுத்துரணும். வேல பாக்குறவன அடிக்க மாட்டாங்க, மெஷின் ஓடணும்ல. போறதுக்கு முன்னாடி சாவிய உருவி என் பையில போட்டுக்குவேன். இல்லாட்டி ஆத்திரத்துல எவனாவது ஸ்டார்ட் பண்ணிருவான். ஈர வைக்கோல் ட்ரம்முல சுத்தியிருந்தா, அத எடுக்க என் கை உள்ள இருக்கும்.”

குணசேகரனின் மூச்சு இறங்க ஒரு நிமிடம் ஆனது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவன் கன்னத்தில் அழுத்தினார்.

“இவ்வளவும் தெரிஞ்சுமா ரோட்டுல அடி வாங்குன?”

“அன்னைக்கிக் கண்ணப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார். அதான் கையப் பாக்கல.”

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?” என்றார் ஹரிசங்கர்.

“வீட்ல சார்.”

ஹரிசங்கர் மூடிவைத்த தாளைத் திறந்து, எழுதியதை அடித்துவிட்டு, வேறு எழுதினார். ஒரு வரி மட்டும் சத்தமாகச் சொன்னார்: முதல் சீசன் முழுதும் குணசேகரனோடுதான் வயலுக்குப் போக வேண்டும், தனியாக அனுப்ப மாட்டோம்.

அங்கிருந்து பயிற்சி வகுப்புக்குப் போனதும் மாளவிகா கேட்ட முதல் கேள்வி, கண்ணைப் பார்த்துப் பேசினீர்களா என்பதுதான்.

“இல்ல மேடம். காலப் பாத்தேன்.”

அவர் அவனுடைய பயிற்சி நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பத்து அந்நியர் பயிற்சியை அவர் இப்போது கொடுப்பதில்லை.

நாகநாதன் ஜாமீனில் வெளியே இருக்கிறார். நீடாமங்கலம் கேட்டில் இறங்கிவந்து மிதித்த மற்றவர்கள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. வேலைக்கான கடிதம் புதன்கிழமை ஃபஹத்தின் வீட்டு முகவரிக்கு வந்தது. வீரையனிடம் சொல்லவில்லை. தஞ்சாவூர் கரந்தையில் ஒரு அறையும் சமையற்கட்டும் பார்த்து, ஃபஹத் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு வந்திருக்கிறான். ஞானாம்பாளால் இடது தோளை இன்னும் தூக்க முடியவில்லை. அதனால் எடுத்துப்போகும் பை ஒன்றுதான்.

நவம்பர் 3, திங்கட்கிழமை, சூர்யபிரகாஷ் வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தின நாள், வீரையன் ஆறு மணிக்கு வயலுக்குப் போன பிறகு, ஏழேகால் பேருந்தில் அம்மாவும் மகனும் ஏறுகிறார்கள்.